மேனேஜருக்கு வயிறு சரியில்லை

மேனேஜர் முதன்முதலில் வாந்தி எடுத்தபோது வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பூனை தன் முடியைத் தானே நக்கி விழுங்கும், அது உள்ளே உருண்டையாகச் சேர்ந்து ஒருநாள் வெளியே வரும், அவ்வளவுதான் என்று அண்ணி சொன்னாள். அண்ணி பார்லரில் முடி வெட்டுபவள். முடி சம்பந்தப்பட்ட விஷயங்களில் அந்த வீட்டில் அவள் சொல்வதுதான் தீர்ப்பு.

மேனேஜர் அவளுடைய பூனை. அவளுக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்னால் பார்லரின் பின்வாசலில் குட்டியாக வந்து நின்றவன், ஒரே வாரத்தில் உள்ளே புகுந்து, முன்மேசைக்குப் பின்னாலிருந்த சுழல் நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, வருகிறவர் போகிறவரை எல்லாம் ஏற இறங்கப் பார்க்க ஆரம்பித்தான். முதலாளியம்மா ஒருநாள் காலையில் வந்ததும் "மேனேஜர் வந்தாச்சா?" என்று கேட்கப் போய், அதுவே பேராக நிலைத்துவிட்டது. கல்யாணமாகி அண்ணி இந்த வீட்டுக்கு வந்தபோது ஒரு கையில் பெட்டி, மறு கையில் கூடை, கூடைக்குள் மேனேஜர்.

அவள் கணவன் கப்பலில் இன்ஜினியர். வருடத்தில் எட்டு மாதம் தண்ணீரில்தான் வாசம். கல்யாணமான அடுத்த வருடம் அவனுடைய தங்கை, தன் திருமணம் முறிந்து, இரண்டு பைகளோடு திரும்பி வந்தாள். முப்பத்தாறு வயதாகியும் அண்ணன் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவான். பேக்கரியில் மாவு பிசைகிற வேலை. விடியும் முன்பே கிளம்பிப் போனால் பன்னிரண்டரைக்குத் திரும்பி வருவாள். அண்ணி பத்து மணிக்குப் போய் இரவு எட்டரைக்கு வருவாள். ஒருத்தி செருப்பைக் கழற்றும்போது இன்னொருத்தி மாட்டிக்கொண்டிருப்பாள் என்றுகூடச் சொல்ல முடியாது; ஒருத்தி செருப்பை இன்னொருத்தி பார்ப்பதோடு சரி.

வயதில் பாப்பா இரண்டு வருடம் மூத்தவள். ஆனாலும் முறை என்று ஒன்று இருப்பதால் "அண்ணி, வாங்க, போங்க" என்றுதான் பேசுவாள். தன்னைவிட மூத்தவள் நீங்க போடும்போது தான் எப்படி நீ போடுவது என்று அண்ணியும் நீங்க போடுவாள். பாப்பா என்று கூப்பிட வாய் வரவில்லை. பேர் சொன்னால் அதிகாரமாகத் தெரியும். அதனால் "இங்க பாருங்க" என்பதே பாப்பாவின் பேராக இருந்தது. சண்டை என்று எதுவும் கிடையாது. ஃபிரிட்ஜில் மேல் தட்டு ஒருத்திக்கு, கீழ்த் தட்டு ஒருத்திக்கு. குளியலறைக் கொடியில் ஆளுக்குப் பாதி. விருந்தாளிகள் இரண்டு பேர், வீட்டுக்காரர் இல்லாத வீட்டில் தங்கினால் எப்படி இருக்குமோ அப்படி.

ஒரு விஷயம் மட்டும் அண்ணிக்கு உள்ளூர உறுத்தும். மத்தியானம் முழுக்க வீட்டிலிருப்பது பாப்பா என்பதால் மேனேஜர் மெல்ல அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டான். படுப்பது பாப்பாவின் கால்மாட்டில். பேக்கரியிலிருந்து அவள் படியேறும் சத்தம் கேட்டால் கதவுக்குப் போய் நிற்பான். அண்ணி வரும்போது தலையை மட்டும் தூக்கி, வருகைப் பதிவேட்டில் குறித்துக்கொள்வதைப் போல் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பப் படுத்துவிடுவான்.

வாந்தி மாதம் ஒருமுறை என்பது வாரம் ஒருமுறையானது. பிறகு மண் தட்டில் அவன் போவதும் கூழாக ஆரம்பித்தது. ஒருநாள் பாப்பா அவனை ஜன்னலிலிருந்து தூக்கி இறக்கியவள், இறக்காமல் அப்படியே கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பத்து வருடமாக மாவு உருண்டை உருட்டுகிற கை. தராசு இல்லாமலே இத்தனை கிராம் என்று சொல்லிவிடும்.

அன்று அண்ணி வரும்வரை தூங்காமல் உட்கார்ந்திருந்து சொன்னாள்: "அண்ணி, இவன் ஒரு கிலோவுக்கு மேல குறைஞ்சிருக்கான்."

அண்ணிக்கு முதலில் வந்தது கோபம்தான். என் பூனை இளைத்ததை நீ என்ன சொல்வது என்று. பிறகு அவளே தூக்கிப் பார்த்தாள். முடிக்கு அடியில் முதுகெலும்பு சீப்புப் பல் மாதிரி விரலில் தட்டுப்பட்டது. தினமும் தடவிக்கொடுத்த கைக்கு இது தெரியாமல் போனதே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

அண்ணிக்குச் செவ்வாய்க்கிழமை வார விடுமுறை. அந்தச் செவ்வாய் பாப்பாவும் முன்னதாகக் கிளம்பி வந்தாள். கிளம்பும்போது பேக்கரியில் ஒரு கூத்து. மேனேஜருக்கு வயிற்றுப்போக்கு, டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும் என்று அவள் சொல்ல, பக்கத்திலேயே நின்றிருந்த பேக்கரி மேனேஜர், தனக்கு அப்படியெல்லாம் ஒன்றும் இல்லையே என்று திகைத்துப்போயிருக்கிறார். அதைப் பாப்பா போகிற வழியில் சொன்னாள். இரண்டு பேரும் ஒன்றாகச் சிரித்தது அதுதான் முதல்முறை என்பது அண்ணிக்குப் பிற்பாடுதான் உறைத்தது.

டாக்டரம்மா நிதானமானவர். தராசில் மூன்று கிலோ அறுநூறு காட்டியது. போன வருடம் தடுப்பூசி போட்டபோது நாலு தொள்ளாயிரம். ரத்தம் எடுத்தார், வயிற்றின் ஓரத்தில் முடியை மழித்து ஸ்கேன் பார்த்தார். மழித்த விதம் கோணலாக இருந்ததில் அண்ணிக்கு ஒரு வருத்தம். குடல் சுவர் தடித்திருக்கிறது, நாள்பட்ட அழற்சி, முழுக்கப் போகாது, ஆனால் கட்டுக்குள் வைத்தால் பல வருடம் நன்றாக இருப்பான் என்று டாக்டரம்மா விளக்கினார். காரணம் பெரும்பாலும் ஏதோ ஒரு சாப்பாடு ஒத்துக்கொள்ளாததுதான். எது என்று கண்டுபிடிக்க ஒரே வழி, அவன் இதுவரை தின்றே இராத ஒன்றை மட்டும் கொடுத்துப் பார்ப்பது. முயல்கறி டப்பா என்று ஒன்று இருக்கிறது, அதுவும் தண்ணீரும் மட்டும், எட்டு வாரம். ஒரே தடவையில் போட்டால் குடல் தாங்காது, ஐந்து வேளையாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். தினம் காலையில் வாந்திக்கு அரை மாத்திரை. வாரம் ஒரு ஊசி, குடல் உறிஞ்சாமல் விட்ட வைட்டமினை ஈடுகட்ட. அதை வீட்டிலேயே போடலாம்.

"வேற எதுவும் கிடையாது" என்றார் கடைசியில். "ஒரு துணுக்கு, ஒரு நக்குகூட. நடுவுல ஒண்ணு உள்ள போச்சுன்னா மறுபடி முதல் நாள்லேருந்து எண்ணணும்."

ஐந்து வேளை என்பதை ஒருத்தியால் தனியாகச் செய்ய முடியாது. அன்று சாயங்காலம் இருவரும் சமையலறை மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து நேரம் பிரித்தார்கள். காலை ஏழும் ஒன்பதரையும் அண்ணி. மத்தியானம் ஒன்றும் சாயங்காலம் ஐந்தும் பாப்பா. இரவு ஒன்பது அண்ணி. பாப்பா ஒரு தாளில் கட்டம் போட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினாள்: சாப்பிட்டது, வாந்தி, வெளிக்குப் போனது. வெளிக்குப் போனதற்கு அவளே ஒரு தர வரிசை வைத்தாள். ஒன்று என்றால் தண்ணீர், இரண்டு என்றால் கூழ், மூன்று என்றால் களிமண், நாலு என்றால் நல்ல உருப்படி. மாவுப் பதம் பார்க்கிறவளுக்கு இது கைவந்த கலை.

மேனேஜர் முதல் இரண்டு நாள் டப்பாவை மோந்து பார்த்துவிட்டு, சாப்பாட்டைப் புதைப்பதுபோல் தரையைப் பிறாண்டிவிட்டு நகர்ந்தான். மூன்றாம் நாள் பாப்பா அதில் கொஞ்சம் வெந்நீர் விட்டுக் குழைத்தாள். வாசனை கிளம்பியதும் வந்தான், சாப்பிட்டான். அன்று தாளில் அந்தக் கட்டத்துக்கு அவள் இரண்டு தடவை அடிக்கோடு போட்டிருந்ததை இரவு வந்து அண்ணி பார்த்தாள். பதிலுக்கு ஒன்பது மணிக் கட்டத்தில் "முழுசும் காலி" என்று எழுதினாள்.

முதல் ஊசி பெரும் பாடு. கழுத்துத் தோலைக் கூடாரம் மாதிரி தூக்கி அதில் குத்த வேண்டும். பாப்பா துண்டில் சுற்றிப் பிடித்தாள், அண்ணி குத்தினாள். ஊசி ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே வந்து, சிவப்பு மருந்து முழுக்க பாப்பாவின் கைமேல் பீய்ச்சியது. பாப்பா கையைத் துடைத்துக்கொண்டே, தனக்கு இந்த வாரம் வைட்டமின் போதும், இனி அவனுக்குப் போடலாம் என்றாள். இரண்டாவது வாரம் அண்ணி முடியை இரு பக்கமும் வகிடு எடுத்து ஒதுக்கிவிட்டுக் குத்தினாள். மேனேஜர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இரண்டாம் வாரக் கடைசியில் வாந்தி நின்றது. மூன்றாம் வாரம் தாளில் வரிசையாக நாலு, நாலு, நாலு. பாப்பா பேக்கரியிலிருந்து வந்ததும் கதவருகிலேயே மேல் சட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டு, நேரே குளியலறைக்குப் போய் முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவுவதை வழக்கமாக்கியிருந்தாள். வெண்ணெய் வாசனை பிடித்துக்கொண்டு மேனேஜர் கதவுக்கு வெளியே கத்துவான். கழுவி முடிக்கும்வரை அவள் திறக்க மாட்டாள். இதெல்லாம் அண்ணி பார்லரில் இருக்கும்போது நடந்தது, அவளுக்குத் தெரியாது.

அதேபோல் பாப்பாவுக்குத் தெரியாமல் காலையில் ஒன்று நடந்துகொண்டிருந்தது. மூன்று வாரம் மாத்திரையை வாய் திறந்து போட்டதில் மேனேஜர் சுதாரித்துவிட்டான். மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டு விழுங்கியதுபோல் நடித்து, சோபாவுக்குப் பின்னால் போய்த் துப்பினான். மறுநாள் அண்ணியின் கட்டைவிரலைக் கடித்தான். கத்தரிக்கோல் பிடிக்கிற விரல். இதற்கு என்ன வழி என்று யோசித்து, அவள் பட்டாணி அளவு சீஸைக் கிள்ளி அதற்குள் மாத்திரையைப் பொதிந்து நீட்டினாள். ஒரே விழுங்கு. அது சாப்பாடு இல்லை, மருந்து என்று அவள் மனசுக்குள் ஒரு கணக்கு. மாத்திரை உள்ளே போனால் சரி.

நாலாம் வாரம் பாதியில் தாளில் மூன்று வந்தது. பிறகு இரண்டு. சனிக்கிழமை சோபாவில் வாந்தி. அடுத்த செவ்வாய் அண்ணி வீட்டிலிருக்கும்போது ஒரு மணி நேரத்தில் இரண்டு தடவை. அவள் தரையைத் துடைத்துத் துணியைக் குப்பைக்கூடையில் போடப் போனபோது, கூடைக்குள் பேக்கரிக் காகிதப் பை ஒன்று, ஓரம் கடித்துக் குதறியிருந்தது. உள்ளே பன் துணுக்குகள்.

பாப்பா பன்னிரண்டரைக்குப் படியேறி வந்தபோது அண்ணி அந்தப் பையைக் கையில் வைத்துக்கொண்டு கதவருகே நின்றாள். இதை யார் அவனுக்குக் கொடுத்தது என்று கேட்டாள். பாப்பா பையைப் பார்த்தாள். அது முந்தாநாள் தான் சாப்பிட்டுவிட்டுப் போட்டது, கூடை மூடியிருந்தது, அவன் எடுத்திருக்க முடியாது, ஓரத்தைக் கடித்துக் கிழித்தது தானேதான் என்றாள். அண்ணி கேட்கிற நிலையில் இல்லை. நாலு வாரமாகச் சேர்த்துவைத்த பயம், அதற்கு முன்னால் இரண்டு வருடமாகக் கால்மாட்டில் படுத்த பூனை, எல்லாம் சேர்ந்து வாயில் வந்தது.

"பாசம் காட்டறேன்னு அவனைக் கொல்லாதீங்க."

பாப்பா எதுவும் சொல்லவில்லை. முகம் மட்டும் ஒரு மாதிரி ஆனது. சட்டையைக் கழற்றிப் பையில் போட்டாள். உள்ளே போய்க் கை கழுவினாள். வழக்கத்தைவிட வெகுநேரம் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. ஒரு மணிக்கு வெந்நீர் விட்டுக் குழைத்து வைத்தாள், அவன் தின்றதைத் தாளில் குறித்தாள், அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அதற்கப்புறம் வீட்டில் பேச்சு நின்றுபோனது. தாளில் மட்டும் எழுத்து தொடர்ந்தது, அதுவும் எண்கள் மட்டும். வெள்ளிக்கிழமை அந்தத் தாளின் அடியில் பாப்பாவின் கையெழுத்தில் ஒரு வரி இருந்தது. பேக்கரியில் கூட வேலை பார்ப்பவளின் மாடியில் ஓர் அறை காலியாகிறது, அடுத்த மாதம் அங்கே போகலாம் என்று இருக்கிறாள். ஒரு மணிக்கும் ஐந்து மணிக்கும் வந்து சாப்பாடு வைத்துவிட்டுப் போவாள், அதில் மாற்றமில்லை. அண்ணி அந்த வரியை மூன்று தடவை படித்தாள். கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. அன்றிரவு மேனேஜர் அவள் கட்டிலில் ஏறிப் படுத்தான். இத்தனை நாள் எதற்கு ஏங்கினாளோ அது கிடைத்தும், அவளுக்கு அது இனிக்கவில்லை.

செவ்வாய் அன்று டாக்டரம்மாவைப் பார்க்கும் முறை. எப்போதும் கூடையைத் தூக்குவது பாப்பா. இந்தத் தடவை அண்ணி தனியாகவே தூக்கிக்கொண்டு போனாள். தராசு மூன்று கிலோ எழுநூறைக் காட்டியது. மூன்றாம் வாரம் காட்டியபோது மூன்று தொள்ளாயிரம் வரை ஏறியிருந்தது. டாக்டரம்மா ஃபிரிட்ஜ் தாளை மேசையில் விரித்து, விரலை வைத்துக்கொண்டே வந்தார். நாலு, நாலு, நாலு என்று வந்த விரல் மூன்றில் நின்றது.

இந்த நாளில் ஏதாவது மாறியதா என்று கேட்டார். இல்லை என்றாள் அண்ணி. டப்பா மாறியதா. இல்லை. வீட்டில் விருந்தாளி வந்தார்களா. இல்லை. அண்ணிக்கு நாக்கு நுனி வரை வந்தது, வீட்டில் ஒருத்தி பேக்கரியில் வேலை செய்கிறாள் என்று. சொல்வதற்குள் அடுத்த கேள்வி வந்துவிட்டது.

"மாத்திரை எப்படிக் கொடுக்கறீங்க?"

"முதல்ல வாயைத் திறந்து போட்டேன். அப்புறம் கடிக்க ஆரம்பிச்சான். இப்ப கொஞ்சம் சீஸ்ல வெச்சு..."

சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது. டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். திட்டவில்லை. எந்த நாளிலிருந்து என்று மட்டும் கேட்டார். அண்ணி கட்டைவிரலில் கடிபட்ட தழும்பைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள். மூன்று வந்த நாளுக்கு மூன்று நாள் முன்னால்.

"பட்டாணி அளவுதான் டாக்டர்."

"உங்களுக்குப் பட்டாணி. இவன் சைஸுக்கு அது ஒரு தட்டு" என்றார் டாக்டரம்மா. பிறகு, இது எல்லா வீட்டிலும் நடப்பதுதான், பத்துப் பேரில் ஆறு பேர் மாத்திரையில்தான் கோட்டை விடுவார்கள், ஒருவகையில் நல்லதுகூட, எது ஒத்துக்கொள்ளவில்லை என்பதற்குத் துப்பு கிடைத்தது என்றார். அதே முயல்கறியைக் கொஞ்சம் ஃபிரிட்ஜில் வைத்து இறுகியதும் உருட்டி, அதற்குள் மாத்திரையைப் பொதியச் சொன்னார். எட்டு வாரம் மறுபடி முதலிலிருந்து.

அண்ணி தெருவுக்கு வந்தாள். பஸ் நிறுத்தத்தில் வீட்டுக்குப் போகும் பஸ் வந்தது. ஏறவில்லை. அடுத்ததாக வந்த பேக்கரிப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறினாள். கூடையை மடியில் வைத்துக்கொண்டு போகிற வழியெல்லாம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தாள். ஒரு வாக்கியம்கூட உருப்படியாக வரவில்லை.

பேக்கரிக்குள் பூனையோடு போக முடியாது. பின்பக்கம் மாவு மூட்டை இறக்கும் கதவருகே போய் நின்றாள். மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர், கூடைக்குள்ளிருந்து இரண்டு கண் தன்னைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, யார் வேண்டும் என்று கேட்டார். பாப்பா என்று அண்ணி சொல்லிவிட்டாள். அப்படி ஒருவரும் இங்கே இல்லையே என்றார் அவர். பிறகு அவளே உயரம், நெற்றி, முடி சுருட்டை என்று அடையாளம் சொல்ல, பின்னால் வேறொருவர், மாவுப் பிரிவில் இருக்கிறவளாக இருக்கும் என்று உள்ளே போனார்.

பாப்பா வெள்ளைத் தொப்பியோடு வந்தாள். புருவத்திலெல்லாம் மாவு. அண்ணியையும் கூடையையும் பார்த்ததும் முகம் வெளிறிவிட்டது, மாவுக்கு அடியிலும் தெரிந்தது. மேனேஜருக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்துவிட்டாள்.

"அவனுக்கு ஒண்ணுமில்ல" என்றாள் அண்ணி அவசரமாக. "நான்தான் பாப்பா. நான்தான் கொடுத்திருக்கேன். தினம் காலையில மாத்திரையோட சீஸ். எனக்கே தெரியாம பண்ணிட்டு உன்னைச் சொல்லிட்டேன்."

அவள் நீ என்று சொன்னதை இரண்டு பேரும் கவனித்தார்கள். யாரும் அதைத் திருத்தவில்லை.

பாப்பா மூட்டைமேல் உட்கார்ந்தாள். முதலில் கேட்டது எடை எவ்வளவு என்பதுதான். மூன்று எழுநூறு என்றதும் தலையை ஆட்டினாள். அவள் கை ஏற்கெனவே அவளுக்குச் சொல்லியிருந்தது. கொஞ்ச நேரம் கூடையின் கம்பிக்குள் விரலை விட்டு அவன் தாடையைச் சொறிந்துகொண்டிருந்தாள். சட்டென்று ஞாபகம் வந்து விரலை வெளியே இழுத்து, அதில் மாவு மட்டும்தானா என்று மோந்து பார்த்தாள்.

"நீங்க அப்படிச் சொன்னப்ப நான் ஏன் திருப்பி எதுவும் சொல்லலேன்னு நினைச்சீங்க?" என்றாள்.

கோபத்தில் என்று நினைத்தேன் என்றாள் அண்ணி.

"கோபம்தான். ஆனா அது மட்டும் இல்ல. முதல் வாரம் ரெண்டாம் நாள், அவன் எதுவுமே தொடாம உக்காந்திருந்தான் இல்ல? என் கையை வந்து நக்கினான். வெண்ணெய் இருந்தது. நான் எடுக்கல. பத்து எண்ணற வரைக்கும் விட்டுட்டேன். அது தெரிஞ்சிடுச்சோன்னு, நீங்க பையோட நின்னப்ப பயந்துட்டேன்."

அண்ணிக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கரித்தது. ஆளுக்கொரு திருட்டுத்தனம் பண்ணிவிட்டு இரண்டு பேரும் ஒரு மாதம் தாளில் ஒழுங்காக எண் போட்டிருக்கிறோம் என்றாள். பாப்பாவும் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, மடியில் இருந்த மாவைத் தட்டிக்கொண்டே சொன்னாள்: "கொல்லாதீங்கன்னு சொன்னீங்களே, அது இன்னும் இருக்கு அண்ணி. போயிடும். கொஞ்ச நாள் ஆகும்."

ஆகட்டும் என்றாள் அண்ணி. பாப்பா ஷிஃப்ட் முடிகிற வரைக்கும் அவள் அங்கேயே, அடுத்த மூட்டைமேல் கூடையை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். பேக்கரி மேனேஜர் இடையில் ஒருமுறை வந்து, தன் பேர் கொண்டவனை எட்டிப் பார்த்து, உடம்பு எப்படி இருக்கிறது என்று மரியாதையாக விசாரித்துவிட்டுப் போனார்.

இரண்டாவது எட்டு வாரம் வேறு மாதிரி போனது. பழைய தாளைக் கிழித்துப் புதுத் தாள் ஒட்டினார்கள். பாப்பா வாரம் ஒரு மத்தியானம் முயல்கறி உருண்டைகளைப் பிடித்து, ஏழு நாளைக்கு ஏழு என்று ஒரு டப்பாவில் அடுக்கி ஃபிரிட்ஜில் வைத்துவிடுவாள். ஒவ்வொன்றும் ஒரே அளவு, ஒரே வழுவழுப்பு. அண்ணி காலையில் ஒன்றை எடுத்து அரை மாத்திரையைச் செருகி நீட்டினால் போதும். மேல் தட்டு, கீழ்த் தட்டு என்பது இதில் குழம்பிப்போனது, ஏனென்றால் மேனேஜரின் டப்பாக்கள் நடுவில் உட்கார்ந்து இரண்டு தட்டிலும் வழிந்தன. பாப்பா பகல் தூக்கம் தூங்கி எழுந்ததும் பார்லருக்கு ஃபோன் பண்ணி "ஐந்து மணி, நாலு" என்பாள். முடி வெட்டிக்கொள்ள உட்கார்ந்திருப்பவர்கள், இது என்ன மணி கணக்கு என்று கண்ணாடியில் அண்ணியின் முகத்தைப் பார்ப்பார்கள்.

ஒருநாள் கப்பலிலிருந்து அண்ணன் வீடியோவில் வந்தான். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டான். வாந்தி நின்று பதினெட்டு நாளாகிறது, நேற்று மூன்றரைக்கும் நாலுக்கும் நடுவில் போனான், அதை நாலாக எடுத்துக்கொள்ளலாமா என்று எங்களுக்குள் ஒரு தகராறு என்று இரண்டு பேரும் மாற்றி மாற்றிச் சொன்னார்கள். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தானும் இங்கே உயிரோடுதான் இருப்பதாகத் தெரிவித்தான்.

எட்டாம் வார முடிவில் நாலு கிலோ இருநூறு. வயிற்றில் மழித்த இடத்தில் முடி முளைத்துவிட்டது. ஓரத்தை அண்ணி சரி பண்ணிவிட்டாள். டாக்டரம்மா சொன்னபடி, சோதனைக்கு ஒரு துணுக்குக் கோழி கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டே நாளில் தாளில் இரண்டு வந்தது. பால், கோழி இரண்டும் ஆயுசுக்கும் கிடையாது என்று தீர்ந்தது. அப்படியும் மாதம் ஒருமுறை லேசாகக் கிளறிக்கொண்டுதான் இருந்தது. அதற்குச் சின்ன அளவில் இன்னொரு மாத்திரை, அதுவும் ஆயுசுக்கும். குணமாகிவிட்டான் என்று சொல்லிக்கொள்ள ஒருநாள் வரும் என்று அண்ணி நினைத்திருந்தாள். அப்படி ஒரு நாள் இந்த வியாதியில் இல்லை என்பது அவளுக்கு மெல்லப் பழகியது.

பாப்பா அந்த அறைக்குப் போகத்தான் செய்தாள். இனிமேல் எதற்கு என்று அண்ணி கேட்டுப் பார்த்தாள், ஒருமுறை கெஞ்சியும் பார்த்தாள். இது கோபத்தில் எடுத்த முடிவுதான், ஆனால் கோபம் போன பிறகு பார்த்தால் முடிவு நல்லதாக இருக்கிறது என்றாள் பாப்பா. அம்மா வீடு, புருஷன் வீடு, அண்ணன் வீடு என்று இருந்தாயிற்று. தன் பேருக்கு ஒரு கதவு, ஒரு பூட்டு வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது. அண்ணி அதற்கப்புறம் கெஞ்சவில்லை. திரைச்சீலைக்கு அளவு எடுக்கக் கூடப் போனாள். இரண்டு தெரு தள்ளித்தான். இந்த வீட்டுச் சாவி பாப்பாவின் கொத்திலேயே இருந்தது, ஒரு மணிக்கும் ஐந்து மணிக்கும்.

மழைக்காலத்தில் ஒரு புதன்கிழமை பார்லருக்கு ஃபோன் வந்தது. பாப்பாதான். எண் எதுவும் சொல்லவில்லை.

"அண்ணி, காலையில வெச்சிட்டுப் போனது அப்படியே இருக்கு, மத்தியானமும் தொடல. கட்டிலுக்கு அடியில போய் உக்காந்திருக்கான். வர்றியா?"

அண்ணி வெட்டிக்கொண்டிருந்த தலையைப் பக்கத்துப் பெண்ணிடம் ஒப்படைத்துவிட்டு, குடையைக்கூட மறந்து கிளம்பினாள். அவள் போய்ச் சேர்ந்தபோது பாப்பா கட்டிலுக்கு அருகே தரையில் ஒருக்களித்துப் படுத்து, கன்னத்தைத் தரையில் வைத்து, உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டரம்மாவிடம் பேசியாயிற்று, குமட்டல் மருந்தை உருண்டைக்குள் வைக்காமல் தண்ணீரில் கரைத்து வாயோரம் விட்டாயிற்று, ஒரு மணி நேரம் பொறுத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார், அப்போதும் தொடாவிட்டால் தூக்கிக்கொண்டு வரச் சொன்னார். அண்ணி ஈரத் தலையோடு கட்டிலின் மறுபக்கம் படுத்தாள். நடுவில் இருட்டுக்குள் மேனேஜர், முன்னங்கால்களை மடக்கி வைத்துக்கொண்டு, இரண்டு பேரில் யாரையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தான்.

மழை ஜன்னலில் அடித்தது. பார்லரில் இன்று ஒருவர் தலை முழுக்கப் பச்சை வேண்டும் என்று கேட்டதை அண்ணி சொன்னாள். பேக்கரியில் புது அடுப்பு வந்திருக்கிறது, ஒரு பக்கம் கருக்குகிறது என்று பாப்பா சொன்னாள். கட்டிலுக்கு அடியில் இப்படிப் பேசிக்கொண்டிருந்தது எவ்வளவு நேரம் என்று இருவரும் பார்க்கவில்லை.

மேனேஜர் எழுந்தான். உடம்பை நீட்டி முறித்தான். பாப்பா மூச்சுவிடாமல் உள்ளங்கையில் வெந்நீரில் குழைத்த கறியை எடுத்து நீட்டினாள். அவன் மோந்தான். திரும்பி அண்ணியைப் பார்த்தான். அண்ணி ஒன்றும் செய்யவில்லை, கண்ணை மெதுவாக மூடித் திறந்தாள். அவன் குனிந்து ஒரு நக்கு நக்கினான், நிறுத்தினான், இன்னொன்று. பிறகு நிறுத்தாமல் தின்ன ஆரம்பித்தான். சொரசொரவென்ற நாக்கு பாப்பாவின் உள்ளங்கையைத் தேய்க்கும் சத்தம் மறுபக்கம் இருந்த அண்ணிக்கும் கேட்டது.

பாப்பா கையை அசைக்காமல், கிசுகிசுப்பாக, தாளில் எழுதச் சொன்னாள்.

"மணி என்ன போடட்டும்?" என்று அண்ணி கேட்டாள்.

"எதையாவது போடு."